தானாக ஆடிய தொட்டில்

முதலில் அட்டையை மடிக்க வேண்டும். மடிப்பு நேராக விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கோணலாக விழுந்தால் மேலே எத்தனை அடுக்கு ஒட்டினாலும் அந்தக் கோணலும் கூடவே ஏறி வரும். மாரீஸ்வரி கனத்த வெள்ளை அட்டையைப் பலகைமேல் வைத்து, அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்து, மை தீர்ந்துபோன பேனாவால் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். கோடு தெரியாது, பள்ளம் மட்டும் விழும். பள்ளத்தின்மேல் மடித்து, கரண்டியின் முதுகால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நேராகத்தான் விழுந்தது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. இல்லை, அசைந்தது. பல் விளக்கும்போது இடப்பக்கம் ஒரு முட்டு முட்டியதே. அது இன்றைக்கா, நேற்றைக்கா? நேற்றும் அதே இடத்தில் நின்றுதான் பல் விளக்கினாள், அதே வாளி, அதே குழாய், அதே பச்சை நைட்டி. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு காலைகளில் எந்தக் காலையில் பிள்ளை முட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரி, அதை விடு. இட்லி தின்றுவிட்டு வந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது வயிற்றுக்குள் நெளிந்ததே, அது இன்றைக்குத்தான், அதில் சந்தேகமில்லை. உதை என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன நடுக்கம். மாதம் நெருங்க நெருங்கப் பிள்ளைக்கு உள்ளே இடம் போதாது, உதைக்காது, இப்படித்தான் நெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது? டாக்டர் சொல்லவில்லை. டாக்டர் வேறு என்னவோ சொன்னார். சொன்னது யாராக இருந்தால் என்ன, சொல்லியிருக்கிறார்கள். அவள் கையை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். இதோ. மெல்ல, மிக மெல்ல, ஒரு அதிர்வு. இருக்கிறது. கையை எடுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அடுத்த தாள் வாழைநாரில் செய்தது. விரலால் தடவினால் நார் நாராகத் தட்டுப்படும். அதை அட்டையைவிட ஒரு விரற்கடை சிறிதாக வெட்டி ஒட்டினால் நான்கு பக்கமும் வெள்ளைக் கரை தெரியும். அதன்மேல் நெளிநெளியான பழுப்பு அட்டை, கூரை மாதிரி. அதற்கும் மேலே, பசையால் பூப்போல வரைந்து அதில் வெள்ளை ரவையைத் தூவி, காய்ந்தபின் உதறினால் மிச்சம் நிற்பது மணல் மணலாகப் பூ. கடையில் இதற்கென்றே பளபளப்புத் தூள் விற்கிறது. மாரீஸ்வரிக்கு ரவைதான் பிடிக்கும், மேலே வர்ணம் தடவினால் குடித்துக்கொள்ளும். சிவகாசியில் வாழ்த்து அட்டைக்கு என்ன பஞ்சம், லட்சக்கணக்கில் அச்சாகி லாரி ஏறுகிற ஊரில் கையால் ஒன்று ஒன்றாகச் செய்கிறவளைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று அவள் புருஷன் கனகவேல் ஆரம்பத்தில் சிரித்தான். அவன் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், கழிவாக விழும் நல்ல நல்ல துண்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்து தருகிறவனும் அவன்தான். தேடித்தான் வருகிறார்கள். இந்த அட்டை ஹெப்சிபா டீச்சருடையது. டீச்சரின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பேர் வைக்கும் விழாவுக்கு. போன வாரம் வந்து இதே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாரும்மா, நடுவுல ஒரு தொட்டில் வேணும். படம் இல்ல. நிஜத் துணியில, நூல்ல தொங்கணும். அட்டைய விரிச்சா அது ஆடணும், ஆமா" என்றாள். "உள்ள பொம்மைப் பிள்ளை வைக்கவா டீச்சர்?" "ஐயோ வேண்டாம். எங்க வீட்டுக்காரர் பேரன் போட்டோவ சின்னதா வெட்டி அவரே ஒட்டுவாராம். நீ வெறுமனே குடு. ஆனா ஆடுதான்னு நல்லா ஆட்டிப் பாத்துட்டுக் குடு. போன தடவை பட்டாம்பூச்சி ரெக்கை ஒட்டிக்கிட்டு நின்னுருச்சில்ல?" சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, நடக்கிற வயதில் தொட்டிலைத் தொட்டதும் முதுகில் ஒரு அடி விழும், அதில் தெரிந்துகொள்வதுதான். பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது. எந்தப் பிள்ளைக்கு? தூக்கிக்கொண்டு போன பிள்ளைக்கா, வரப்போகிற பிள்ளைக்கா? அடித்தவர்கள் அதைச் சொல்லவில்லை. டீச்சர் வேதக்கார வீடு, சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் இருக்கிறதோ என்னவோ, கேட்கவும் வெட்கமாக இருந்தது. ஒரு சாண் துணிகூட இல்லை, கட்டைவிரல் அளவுத் துணி, அது தொட்டிலா? துணியில் செய்து நூலில் தொங்கவிட்டு ஆட்டினால் அது தொட்டில்தானே. வேறென்ன அது?

கையை மறுபடி வைத்தாள். இருக்கிறது. இல்லையா? கீழே மிஷின் சத்தத்தில் ஒன்றும் நிதானிக்க முடியவில்லை. இந்த வீடு மாடி, கீழே முன்பக்கம் டை கட்டிங் மிஷின் ஓடுகிறது, அட்டைகளை மாம்பழமாகவும் குத்துவிளக்காகவும் உருவம் உருவமாக வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள்தான் என்ன இது தரை நடுங்குகிறது என்று கேட்பார்கள், குடியிருக்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. கனகவேலுக்குப் போன் போடலாமா? மிஷினில் நிற்கும்போது போனைத் தொட மாட்டான், தொடவும் கூடாது, கத்தி இறங்குகிற இடத்தில் கவனம் சிதறினால் விரல் போய்விடும். அவன் கூட்டாளி ஒருவனுக்கு அப்படித்தான் போனது, பெண்டாட்டி பால் வாங்கிட்டு வா என்று சொல்லக் கூப்பிட்டாள். ஐயோ. வேண்டாம். அதோடு போன வாரத்துக் கதை வேறு இருக்கிறது. போன வாரமும் அசையவில்லை என்றுதான் அழுதாள். ஆட்டோ பிடித்து, வேலையைப் போட்டுவிட்டுக் கனகவேல் ஓடிவந்து, கீழ்வீட்டில் இருக்கிற கனகவேலின் அக்கா சண்முகக்கனி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பின்னாலேயே ஏறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்த மறு நிமிடம் உள்ளே இருந்தவன், அல்லது இருந்தவள், மடேர் மடேர் என்று உதைக்க ஆரம்பித்தது. நர்ஸ் சிரித்தாள். கனகவேலும் சிரித்தான், ஆனால் அவன் நெற்றி வேர்த்திருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் சண்முகக்கனி மதினி சொன்னாள், "பிள்ளை உன்னைய மாதிரி இல்ல மாரி, நல்லாத் தூங்குது. நீதான் தூங்க மாட்டேங்க, தூங்குற பிள்ளையையும் ஆட்டோல தூக்கிப்போட்டு எழுப்புத." அதைத் தெருவுக்கே சொன்னாள். கீழே தண்ணீர் பிடிக்கப் போனால், "என்னத்தா, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று எதிர்வீட்டுக்காரிகூடக் கேட்டுச் சிரிக்கிறாள். இன்றைக்கும் போய் மதினியிடம் நின்றால்? இன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்தால்? இன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தெரு பூராவும் சிரிக்கட்டும். ஆனால் போகாமல் இருக்கிறவரைக்கும் பிள்ளை தூங்குகிறது. போய்ப் படுத்தால்தான், அந்த நர்ஸ் கருவியை வைத்து இங்கே தேடி, அங்கே தேடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போவாள். அந்த முதுகை மாரீஸ்வரி பார்த்திருக்கிறாள்.

தொட்டிலுக்குத் துணி வெட்டினாள். மெல்லிய வாயில் சேலைத் துணி, வெளிர் மஞ்சள். ஓரம் பிரியாமல் இருக்க ஊதுபத்தி நெருப்பால் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று காட்ட வேண்டும், அதிகம் காட்டினால் கருகும். ஒரு ஓரம் கருகிவிட்டது. வேறு துணி வெட்டினாள். முதல் பிள்ளைக்கு எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான், ஆசை. வெள்ளி அரைஞாண் ஒன்று, காலுக்கு மணி வைத்த தண்டை, கையால் தைத்த இரண்டு சட்டை. பீரோவில் சேலைகளுக்கு அடியில். ஏழாம் மாதம் முடிகிற சமயம் ஒரு நாள் பூராவும் அசையவில்லை, தூங்குகிறது என்று நினைத்தாள், மறுநாள் காலையிலும் தூங்குகிறது என்றே நினைத்தாள். அப்போது யாரும் அவளைக் கேலி செய்திருக்கவில்லை, அப்போது தைரியமாகத்தான் இருந்தாள், அந்தத் தைரியம்தான். ஆஸ்பத்திரியில் அந்த முதுகு. பிறகு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து மதினிதான் அந்தச் சட்டைகளை எடுத்தாள், எடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "முன்கூட்டியே எல்லாத்தையும் வாங்கி வச்சா இப்படித்தான்" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி மாரீஸ்வரிக்குத் தலை வாரி விட்டதும் மதினிதான், பத்தியச் சாப்பாடு ஆக்கிப்போட்டதும் மதினிதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை உள்ளே விழுந்துவிட்டது, மையில்லாத பேனாவின் கோடு மாதிரி, தெரியாது, ஆனால் எதை நினைத்தாலும் அந்தப் பள்ளத்தில்தான் மடிகிறது. இந்தத் தடவை வீட்டில் ஒன்றும் இல்லை. ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை, ஒரு பவுடர் டப்பா இல்லை. வளைகாப்புக்கு வந்த ஒருத்தி குட்டிச் சாக்ஸ் கொண்டுவந்ததைக்கூடத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள், அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போனது. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, கடைசியில் தன் கையாலேயே தொட்டில் செய்கிறாள். தனக்கு இல்லையே, இன்னொருத்தர் பிள்ளைக்குத்தானே? ஆனால் செய்கிற இடம் இந்த வீடு. செய்கிற மடி இந்த மடி. பலகை வயிற்றில் இடிக்கிற தூரத்தில்தான் தொட்டில் இருக்கிறது.

கூரைக்கும் அடிஅட்டைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தொட்டில் ஆட இடம் இருக்காது. அதற்குப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிற இரண்டு பக்கப் பசைநாடாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. மூலைக்கு ஒன்று. அப்புறம் கூரையின் அடியில் ஈர்க்குச்சி அளவில் ஒரு மூங்கில் சிம்பு, அதில் இரண்டு சரிகை நூல், நூலின் நுனிகளில் துணியின் இரண்டு முனைகள். முடிச்சுப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். போட்டாள். தொட்டில் தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. நடுவில் குழிந்து, ஓரம் மடிந்து, உண்மையான தொட்டில் எப்படி வாய் பிளந்து காத்திருக்குமோ அப்படி. ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டக் கூடாது. உள்ளே எதையாவது வைத்து ஆட்டினால் அது வெறும் தொட்டில் இல்லையே. இது நல்ல யோசனை. ரோஸ் தாளில் ஒரு கீற்று வெட்டி, ஊசியில் சுற்றிச் சுற்றி ஒரு குட்டிச் சுருள் செய்தாள், அரிசி அளவு. இடுக்கியால் எடுத்துத் தொட்டிலுக்குள் வைத்தாள். சுருள் தன் எடையில் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் தோன்றியது: ஆட்டிப் பார்த்தபிறகு இதை வெளியே எடுக்க வேண்டும். டீச்சர் வெறுமனே கேட்டிருக்கிறாள். தொட்டிலில் கிடத்தியதை எடுத்துவிட்டுத் தொட்டிலை வெறுமையாக்குவது. அதைவிட ஆரம்பத்திலேயே வெறுமையாக இருப்பது மேல். எடுக்காமல் விட்டுவிடலாமா? டீச்சர் வீட்டுக்காரர் போட்டோ ஒட்டும்போது இது என்ன குப்பை என்று ஊதித் தள்ளுவார். யாரோ ஒருவர் ஊதித் தள்ளுவார். இடுக்கியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. வைத்திருக்கக் கூடாது, வைத்தாகிவிட்டது, எடுக்கக் கூடாது, எடுக்காமல் முடியாது. இது காகிதம். இது ரோஸ் காகிதம், கனகவேல் பையில் கொண்டுவந்த கழிவுக் காகிதம். கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியால் சுருளை எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல், குப்பையிலும் போட மனமில்லாமல், தன் வாய்க்குள் போட்டு விழுங்கிவிட்டாள். கண்ணைத் திறந்தபோது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் தொடவில்லை. இடுக்கி பட்டிருக்கும். இடுக்கி பட்டால் ஒரு தடவை ஆடி நிற்கும், இது நிற்கவில்லை. காத்துப் பார்த்தாள். மின்விசிறியா? பலகையைச் சுவர் ஓரமாக, காற்றுப் படாத மூலையில்தான் வைத்திருந்தாள், பசை காய்வதற்கு முன் தூசு ஒட்டக் கூடாது என்று. தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது, வீச்சாக இல்லை, விடாமல், ஒரே சீராக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஆட்டிவிடுகிற மாதிரி. வெறும் தொட்டில். மாரீஸ்வரி கத்தவில்லை, கத்த நினைத்தாள், தொண்டையில் அந்தக் காகிதச் சுருள் இன்னும் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு பக்கத்தில் இருந்த டம்ளர்த் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீரின் மேல்பரப்பில் வட்டம் வட்டமாகச் சின்ன அலை. தரை. மிஷின்! கீழே மிஷின் ஓடுகிறது, தரை அதிர்கிறது, பலகை அதிர்கிறது, இத்தனை மெல்லிய நூலில் தொங்குவது ஆடாமல் என்ன செய்யும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, டை கட்டிங் மிஷின். தன் கையால் ஆட்டவுமில்லை, தோஷமும் இல்லை, டீச்சருக்கு ஆட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. இதைக் கனகவேலிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே, எதை நினைத்தென்று இல்லாமல், வழக்கம்போலக் கை வயிற்றுக்குப் போனது. அங்கே அதிர்வு இருந்தது. மெல்ல, ஒரே சீராக. மாரீஸ்வரி தொட்டிலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். தொட்டில் எந்தத் தாளத்தில் ஆடியதோ அதே தாளம். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. இல்லை. இது பிள்ளை. இது வேறு. தரை நடுங்கினால் சுவர் நடுங்கும், சுவர் நடுங்கினால் சாய்ந்திருக்கிற முதுகு நடுங்கும், முதுகு நடுங்கினால். இல்லை, இல்லை. காலையில் இட்லி தின்றுவிட்டு வந்து எங்கே உட்கார்ந்தாள்? இந்தச் சுவரில். நெளிந்தது எப்போது? சாய்ந்தபோது. மிஷின் எப்போது ஆரம்பித்தது? அவளுக்கு எழுந்து நடுக்கூடத்தில் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது, சுவர் படாமல், எதுவும் படாமல் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதாலேயே எழுந்திருக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சாய்ந்திருக்கலாம். சாய்ந்திருக்கிறவரைக்கும் அசைகிறது. அப்போது கரண்ட் போனது.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், இன்றைக்கு என்று அவளுக்கு நினைவில்லை. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. கீழே மிஷின் ஒரு தடவை திணறி அடங்கியது. அதற்குப் பின்னால் அடுத்த கட்டடத்து மிஷின், அதற்கும் அடுத்தது, தெருத்தெருவாக, ஊரே வாயை மூடிக்கொண்ட மாதிரி. எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. டம்ளரில் அலை அடங்கித் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. தொட்டில் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு நூலிழை அசைந்து, நின்றது. மாரீஸ்வரி இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்தாள். அழுத்தினாள். வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, விலாவுக்குக் கீழே எப்போதும் குதிகால் முட்டுகிற இடம். வயிறு இருந்தது. கனமாக, சூடாக, வெறும் வயிறு. ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவள் ஒரு மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நிம்மதிப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். எவ்வளவு நேரம்? டாக்டர் சொன்னது இப்போது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது, அசைவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா தூங்குதுன்னு நினைச்சுக்காதீங்க, கடைசி மாசத்துலயும் அசையணும், உடனே வரணும். உடனே. அவள் பசைப்பாட்டிலைத் திருகி மூடினாள். ஏன் மூடினாள் என்று தெரியவில்லை, திறந்து வைத்தால் காய்ந்துவிடும். கத்தரியை உறையில் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாடிப்படியின் தலைக்கு வந்தாள். கீழே வாசல் நிழலில் மதினி உட்கார்ந்து காலண்டர் அட்டைகளில் தேதிக்கட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை பசை, பக்கத்தில் மிஷின்காரர்கள் வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு பேர் முன்னால் சொல்ல வேண்டுமா? சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். சொல்லாவிட்டால்? "மதினி" என்றாள். கீழே யாருக்கும் கேட்கவில்லை. "மதினி!" சண்முகக்கனி நிமிர்ந்தாள். "என்னத்தா, கரண்ட் போயிருச்சுன்னு எனக்கும் தெரியும், நானா புடுங்கினேன்?" மிஷின்காரர்களில் ஒருவர் சிரித்தார். "மதினி, பிள்ளை அசையல."

மதினி எழுந்து வந்ததை மாரீஸ்வரி பார்க்கவில்லை, படியில் பக்கத்தில் நின்றதுதான் தெரிந்தது, பசைக் கையாலேயே வயிற்றைத் தொட்டதும். "எப்பலருந்து?" "காலையிலருந்து." "காலையிலருந்தா?" மதினியின் வாய் திறந்தது. இதோ வரப்போகிறது என்று மாரீஸ்வரி நினைத்தாள், அந்த வார்த்தை, தொட்டில் செய்தாயா, அதுதான். மதினி வாயை மூடிக்கொண்டாள், அப்புறம் திறந்து, "வையுறதெல்லாம் வந்து வையுறேன். இப்ப நட. ஒவ்வொரு படியா. அண்ணே, சிரிச்சது போதும், போய் ஒரு ஆட்டோவ மடக்குங்க!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். ஆட்டோவில் மதினி மாரீஸ்வரியின் கையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், பசை காய்ந்து இரண்டு பேர் கையும் ஒட்டிக்கொண்டது, வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோது வயிறு குலுங்கியது, குலுங்கியதா அசைந்ததா என்று இனிமேல் கேட்டுக்கொள்ள மாட்டாள், எதையும் நம்பமாட்டாள், ரோடு அசைக்கிறது, ஆட்டோ அசைக்கிறது, எல்லாமே அசைக்கிறது, ஒன்றைத் தவிர.

போன வாரத்து நர்ஸ்தான் இருந்தாள். "வாம்மா, வா, வந்துட்டியா" என்று ஆரம்பித்தவள் மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கட்டில். வயிற்றில் சில்லென்று பசை மாதிரி ஒன்று. கைக்கு அடக்கமான கருவி. நர்ஸ் இடப்பக்கம் வைத்தாள், இரைச்சல், வலப்பக்கம் வைத்தாள், இரைச்சல். பிறகு ஒரு துடிப்பு கேட்டது, நிதானமாக, தூரத்தில் நடக்கிற ஆள் மாதிரி. "இதா?" என்று மதினி கேட்டாள். நர்ஸ் மாரீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "இது இவங்களோடது." சொல்லிவிட்டுக் கருவியை எடுத்தாள். முகத்தைத் திருப்பப் போகிறாள். எழுந்து முதுகைக் காட்டப் போகிறாள். திருப்பாதே. திருப்பாதே. திருப்பாதே. நர்ஸ் திரும்பவில்லை. கீழே, அடிவயிற்று எலும்புக்குப் பக்கத்தில், அழுத்தி வைத்து, மூச்சை அடக்கிக் கொஞ்சம் சாய்த்தாள். டுக்டுக் டுக்டுக் டுக்டுக். சின்னதாக, வேகமாக, யாரையோ துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. மதினி "ஐயா" என்று சொல்லிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்தார், துடிப்பைப் பார்க்க வயிற்றில் பட்டை கட்டினார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். துடிப்பு ஓடும், இருந்தாற்போலிருந்து தளரும், மறுபடி ஓடும். "நீர் குறைஞ்சிருக்கு, பிள்ளை சோர்ந்துபோய் இருக்கு. இப்பவே எடுத்துரணும். எப்பம்மா சாப்பிட்ட?" என்றார் டாக்டர். இட்லி என்றாள் மாரீஸ்வரி, அப்புறம் ஒரு காகிதமும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். மதினி போனில் கனகவேலின் முதலாளியிடம் கத்திக்கொண்டிருந்தாள். "நான் போன வாரமும் சும்மா வந்தேன்" என்று மாரீஸ்வரி நர்ஸிடம் சொன்னாள், ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. "தினம் வா. தினம் வந்து சும்மா திரும்பிப் போ, யாரு வேண்டாங்கறா. கால மடக்கு." தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். நர்ஸ் கருவியை எடுத்தாள், சத்தம் அறுந்தது, மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்க." "எடுக்காம எப்படிம்மா கொண்டுபோறது?" "எடுக்காதீங்கக்கா." நர்ஸ் ஒரு கணம் பார்த்தாள், முணுமுணுத்துக்கொண்டே கருவியை மறுபடி அதே இடத்தில் வைத்து, கட்டிலோடு கூடவே நடந்தாள். நடை நீளமாக இருந்தது. டுக்டுக் டுக்டுக். விளக்குகள் தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தன, யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள், துடிப்பு ஒரு இடத்தில் தளர்ந்தது, மாரீஸ்வரிக்கும் தளர்ந்தது, மறுபடி பிடித்துக்கொண்டு ஓடியது. ஆபரேஷன் தியேட்டர்க் கதவில் நர்ஸ் நின்றாள். "இதுக்கு மேல என்னைய உள்ள விட மாட்டாங்க கண்ணு" என்று சொல்லிக் கருவியை எடுத்தாள். அந்த நிசப்தத்துக்குள் கட்டில் நகர்ந்தது. அங்கே குளிராக இருந்தது, பச்சைத் துணி, பெரிய விளக்கு, உட்காரச் சொல்லி முதுகை வளைக்கச் சொன்னார்கள். அந்தத் துடிப்பை நிற்க விடக் கூடாது. அவள் உதட்டுக்குள்ளேயே அதை எடுத்துக்கொண்டாள், கேட்ட அதே வேகத்தில், டுக்டுக் டுக்டுக், நாக்கு நுனியால் மேலண்ணத்தில் தட்டித் தட்டி. முதுகில் ஊசி போட வந்த டாக்டர் குனிந்து பார்த்தார். "என்னம்மா முணுமுணுக்கிற, சாமி பேரா?" ஆமாம் என்று வாய் திறந்து சொன்னால் நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகும். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.